கொழுந்தை எங்கே கிள்ளுவது?

கைபேசியிலோ கணினியிலோ ‘கொ’ என்ற எழுத்தைத் தட்டி, அழிக்கும் விசையை ஒரே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பல செயலிகளில் எழுத்து முழுதாக மறையாது. கொம்பும் காலும் மட்டும் போய் ‘க’ மிஞ்சி நிற்கும். வேறொருவர் அனுப்பிய கோப்பில் அதே ‘கொ’வை அழித்தால் சில சமயம் ‘கெ’ மிஞ்சும். அம்புக்குறி விசையால் நகர்ந்தாலோ, கணினி ‘கொ’வை ஒரே தாவலில் கடந்துவிடும். அழிக்கும்போது பல துண்டாகத் தெரியும் எழுத்து, நகரும்போது ஒன்றாகத் தெரிவது எப்படி?

இன்னொரு புதிரும் பலருக்குப் பழக்கமானது. நீண்ட பெயர்ப்பட்டியலில் ஒரு பெயர் கண்ணெதிரே இருக்கிறது. அதே பெயரைத் தட்டித் தேடினால், அப்படி ஒன்று இல்லை என்கிறது கணினி.

இரண்டு புதிருக்கும் வேர் ஒன்றே. ஓர் எழுத்து எங்கே முடிகிறது, ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதைக் கணினி எப்படி முடிவு செய்கிறது? இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவே முடியாத ஒரு வேலை உண்டு. அது ஒரு நிரல்மொழியை உருவாக்குவது. அந்த வேலையின் முதல் படியை மட்டும் இந்த அத்தியாயத்தில் நிதானமாகப் பார்ப்போம்.

கண்ணுக்கு நான்கு, கணினிக்கு எட்டு

‘கொழுந்து’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் குழந்தைகூடச் சொல்லிவிடும்: கொ, ழு, ந், து. நான்கு.

கணினி எழுத்துகளைச் சேமிப்பதில்லை, எண்களைச் சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று உலக அளவில் வகுத்த பட்டியல்தான் யூனிகோடு. அதன் முதல் பதிப்பு 1991-இல் வந்தபோதே தமிழுக்கு இடம் கிடைத்தது. 2944 முதல் 3071 வரை 128 இருக்கைகள். நம் எழுத்துகளோ 247. எனவே எல்லா எழுத்துக்கும் தனி எண் தரவில்லை. உயிருக்கும் அகரமேறிய மெய்க்கும் எண்கள் கொடுத்தார்கள். கால், கொம்பு, புள்ளி போன்ற ஒட்டுக்குறிகளுக்கும் தனித்தனி எண்கள் கொடுத்தார்கள். இந்திய மொழிகளுக்காக 1988-இல் வகுத்த இஸ்கி என்ற தரப்பாட்டின் வழியில் வந்த ஏற்பாடு இது.

அதன்படி ‘கொழுந்து’ கணினிக்குள் இப்படி இருக்கும்: க 2965, ொ 3018, ழ 2996, ு 3009, ந 2984, ் 3021, த 2980, ு 3009. எட்டு எண்கள். இவற்றை இனிக் குறியெண்கள் என்போம். கோப்பில் எழுதும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், வட்டில் இந்தச் சொல் 24 பைட்டு நீளம்.

ஆக, ஒரே சொல்லுக்கு நான்கு, எட்டு, இருபத்து நான்கு என மூன்று நீளங்கள். மூன்றும் உண்மையே. நாம் எதை எண்ணுகிறோம் என்று தெளிவாக இல்லாத இடத்தில்தான் சிக்கல்கள் பிறக்கின்றன.

மலைமேல் ஒரு கணக்கு, தமிழில் ஒரு மொழி

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், 1,000 மீட்டருக்கு மேலான குளிர்ந்த சரிவுகளில் தேயிலை விளைகிறது. ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கிய போ தோட்டம் அங்கே மிகவும் அறியப்பட்டது. இந்த மலைத்தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். கொழுந்து, கூடை, நிறுவை, கூலி என்று அந்தத் தொழிலின் அன்றாடச் சொற்கள் தமிழாகவே புழங்கின. தோட்டத்து எழுத்தரான கிராணி ஏட்டில் எந்த மொழியில் எழுதினாலும், வரிசையில் நின்றவர்கள் கணக்குப் பார்த்தது தமிழில்தான்.

அந்த நிறுவைக் கணக்கைச் செய்ய ஒரு சிறு நிரல் எழுதுவோம். அதைத் தமிழிலேயே எழுதுவோம். அதற்கு ஒரு மொழி ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் எழில். முத்து அண்ணாமலை உருவாக்கிய மொழி அது. 2009-இல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை அவர் வெளியிட்டார். பின்னர் எழில் கட்டற்ற மென்பொருளாக எல்லோருக்கும் கிடைத்தது. ஆங்கிலம் அறியாத தமிழ்ப் பிள்ளைகளும் நிரலாக்கம் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

எழிலில் எழுதிய சில வரிகள் இவை:

எடை=கொழுந்து-2
@( எடை > 30 ) ஆனால்
    பதிப்பி "நல்ல நாள்"
முடி

கூடையோடு நிறுத்த எடையில் கூடையின் 2 கிலோவைக் கழிக்கிறோம். மிஞ்சுவது 30 கிலோவைத் தாண்டினால் ‘நல்ல நாள்’ என்று திரையில் பதிக்கச் சொல்கிறோம். ‘எடை முப்பதுக்கு மேல் ஆனால்’ என்று தமிழ் பேசும் வரிசையிலேயே நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னும் வருவதைக் கவனியுங்கள். நம் பேச்சின் ஒழுங்கை ஒரு நிரல்மொழி மதிக்க முடியும் என்பதற்கு எழில் நல்ல சான்று.

ஒரு வரி, ஐந்து துணுக்குகள்

முதல் வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கணினி கையில் வாங்குவது வெறும் எண் வரிசைதான்:

2958, 2975, 3016, 61, 2965, 3018, 2996, 3009, 2984, 3021, 2980, 3009, 45, 50

பதினான்கு எண்கள். இவற்றுக்குள் சொல்லும் இல்லை, பொருளும் இல்லை. இந்த வரிசையை உரிய இடங்களில் வெட்டி, ‘இது ஒரு பெயர், இது ஒரு குறி, இது ஓர் எண்’ என்று முத்திரை குத்தித் தருவதே முதல் வேலை. வெட்டிக் கிடைக்கும் ஒவ்வொரு துண்டையும் துணுக்கு என்போம். வெட்டும் நிரல் துணுக்காக்கி. ஆங்கில வழியில் பழகியவர்கள் அதை டோக்கனைசர் என்பார்கள். துணுக்குகளை வாங்கி, அவை சேர்ந்து என்ன கட்டளையாகின்றன என்று இலக்கணம் பார்ப்பது அடுத்த நிரல். அதைப் பகுப்பி என்போம்.

கொழுந்து கிள்ளுபவரின் வேலையும் துணுக்காக்கியின் வேலையும் ஒரே வகை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எந்தக் கணுவில் கிள்ளுவது என்பதை விரல் முடிவு செய்கிறது. தேநீரின் சுவை அதற்கு வெகு பின்னால், தொழிற்சாலையில் உருவாகிறது. ஆனால் கிள்ளிய இடம் தவறினால் பின்னால் எந்த இயந்திரமும் அதைச் சரிசெய்யாது.

இனி வரியின் தொடக்கத்தில் நின்று ஒவ்வோர் எண்ணாக நடப்போம். 2958 என்பது எ. உயிரெழுத்து. பெயர் ஒன்று தொடங்குகிறது என்று குறித்துக்கொள்கிறோம். 2975 ட. பெயர் தொடர்கிறது. 3016 என்பது ை என்ற ஒட்டுக்குறி. பெயருக்குள் இருக்கிறோம், ஆகவே அதையும் சேர்த்துக்கொள்கிறோம். 61 சமக்குறி. இது பெயரில் வரக்கூடியதல்ல. எனவே இங்கே ஒரு வெட்டு. ‘எடை’ என்ற பெயர்த்துணுக்கு பிறந்துவிட்டது. சமக்குறி தனித்துணுக்கு. அடுத்து 2965 வந்ததும் புதிய பெயர் தொடங்கி, 3009 வரை எட்டு எண்களை விழுங்கி, 45 என்ற கழித்தல்குறியைக் கண்டதும் நிற்கிறது. அது ‘கொழுந்து’. பிறகு கழித்தல்குறி. பிறகு 50, அதாவது இலக்கம் 2. வரி முடிகிறது.

பதினான்கு எண்கள் ஐந்து துணுக்குகளாயின: எடை, =, கொழுந்து, -, 2.

நடுவில் இரண்டு முடிவுகளைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டோம். ‘கொழுந்து-2’ என்பதைத் தமிழ் உரைநடையில் பார்த்தால் இரண்டாம் கொழுந்து என்றும் படிக்கலாம். நிரலில் அந்தக் கோடு கழித்தலே என்று முடிவு செய்தோம். அதுபோல ‘-2’ என்பதை எதிர்மறை எண்ணாகச் சேர்த்து எடுக்காமல், குறியையும் எண்ணையும் பிரித்தோம். சேர்த்து எடுத்திருந்தால் பகுப்பியிடம் ‘கொழுந்து’, ‘-2’ என்று இரண்டு பொருள்கள் அருகருகே போய்ச் சேரும். கழிப்பதற்கான குறியே காணாமல் போயிருக்கும். அது கழித்தலா, எதிர்மறையா என்று தீர்ப்பது முன்பின் பார்க்கத் தெரிந்த பகுப்பியின் வேலை. துணுக்காக்கி தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

நீளமானதே வெல்லும்

அடுத்த சோதனை. ஆறு நாள் கணக்கையும் கூட்டி ‘ஆகமொத்தம்’ என்ற பெயரில் வைக்கிறோம். எழிலில் ‘ஆக’ என்பது ஒரு கட்டளைச்சொல். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது அது. துணுக்காக்கி ‘ஆக’ என்று கண்டதுமே நின்று கட்டளைச்சொல் முத்திரை குத்திவிட்டால், ‘மொத்தம்’ அனாதையாக நிற்கும். ‘முடிவு’ என்று பெயர் வைத்தால் ‘முடி’ என்ற கட்டளைச்சொல்லை முன்னால் கண்டு நிரலை நடுவிலேயே முடித்துவிடும்.

இதைத் தீர்க்கும் விதி எளியது. எவ்வளவு நீளம் போக முடியுமோ அவ்வளவும் போ, பிறகு வெட்டு. வெட்டி முடித்த பின்னரே அந்தச் சொல் கட்டளைச்சொல் பட்டியலில் இருக்கிறதா என்று பார். ‘ஆகமொத்தம்’ முழுதாகக் கையில் வந்த பிறகு பட்டியலில் தேடினால் கிடைக்காது. ஆகவே அது பெயர். ‘இல்லை’, ‘இல்லைஆனால்’ இரண்டும் எழிலில் வெவ்வேறு கட்டளைச்சொற்கள். நீளமானதை எடுக்கும் விதி அவற்றையும் குழப்பமின்றிப் பிரித்துவிடும்.

உலகின் பெரும்பாலான நிரல்மொழிகள் இந்த விதியைத்தான் பின்பற்றுகின்றன. அதற்கும் ஒரு விலை உண்டு. சி மொழியில் அ+++++ஆ என்று இடைவெளியின்றி எழுதினால், துணுக்காக்கி பேராசையோடு இரண்டிரண்டு கூட்டல்குறிகளாக அள்ளிக்கொண்டு போய்ப் பிழையில் முடிகிறது. அ++ + ++ஆ என்று இடைவெளி விட்டு எழுதினால் அது இலக்கணப்படி சரியே.

இடைவெளியே எல்லையாக இருக்கட்டும் என்று விட்டுவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் எல்லா மொழிகளிலும் இடைவெளியை அப்படி நம்ப முடியாது. ஜான் பேக்கஸ் குழுவினர் ஐபிஎம்மில் உருவாக்கி 1957-இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழி, இடைவெளிகளைப் பொருட்படுத்தவே இல்லை. அதில் ‘டூ 10 ஐ = 1,5’ என்றால் ஐந்து முறை திரும்பச் செய் என்று பொருள். காற்புள்ளி இருந்த இடத்தில் ஒரு புள்ளி விழுந்தால், ‘டூ10ஐ’ என்ற பெயருக்கு 1.5 என்ற மதிப்பு கிடைத்துவிடும். வரியின் பின்பகுதியைப் பார்க்காமல் முதல் சொல் எதுவென்று சொல்ல முடியாது.

நம் ஏட்டுச்சுவடிகளின் நிலையும் ஏறக்குறைய இதுதான். சொற்களுக்கு நடுவே இடைவெளி இராது. மெய்களுக்குப் புள்ளி இராது. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றவர்கள் எழுத்தைத் தீர்மானித்து, சொல்லைப் பிரித்து, பிறகே பொருள் காண வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பரந்த புலமை துணை நின்றது. துணுக்காக்கிக்கு நாம் எழுதித் தரும் விதிகள் மட்டுமே துணை.

எது எழுத்து என்று யார் சொல்வது?

நம் நடையில் 3018-ஐக் கண்டதும் ‘ஒட்டுக்குறி, பெயருக்குள் வரலாம்’ என்று சட்டெனச் சேர்த்துக்கொண்டோம். தமிழ் தெரிந்ததால் அது இயல்பாக வந்தது. எல்லாத் துணுக்காக்கிகளும் அப்படிச் செய்வதில்லை.

துணுக்காக்கிகளைத் தானாக உருவாக்கித் தரும் ‘லெக்ஸ்’ என்ற கருவியை மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் 1975-இல் பெல் ஆய்வகத்தில் எழுதினார்கள். அந்தக் காலக் கருவிகளில் எழுத்து என்றால் ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், சிறிதும் பெரிதுமாக 52. அதைத் தாண்டி யோசிக்கத் தேவை எழவில்லை. யூனிகோடு வந்த பிறகு, ‘எழுத்து’ என்பதை ‘யூனிகோடு எழுத்து என்று வகைப்படுத்திய எல்லாம்’ என்று விரித்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்த விரிவுதான். ஆனால் யூனிகோடு பட்டியலில் க, ழ, ந, த ஆகியவை ‘எழுத்து’ என்ற வகையில் இருக்கின்றன. ொ, ு, ் ஆகியவை ‘குறி’ என்ற வேறொரு வகையில் இருக்கின்றன.

இதன் விளைவைப் பைத்தான் மொழியிலேயே காணலாம். உரையில் சொற்களைத் தேடிப் பிடிக்க அதனுடன் வரும் வடிவத்தேடல் கருவியில், ‘சொல்லில் வரக்கூடிய எழுத்து’ என்பதற்கு ஒரு சுருக்கக்குறி உண்டு. அதைக் கொண்டு ‘கொழுந்து’ என்ற சொல்லைப் பிடிக்கச் சொன்னால் கிடைப்பவை நான்கு தனித்தனிச் ‘சொற்கள்’: க, ழ, ந, த. ஒவ்வொரு மெய்யின் மீதும் ஏறியிருந்த உயிர்க்குறியும் புள்ளியும் எல்லைக்கோடாகக் கருதப்பட்டு உதிர்ந்துவிட்டன. அந்தக் கருவியை நம்பி ஒருவர் தமிழ்த் துணுக்காக்கி எழுதினால், நம் நிரலில் ஒரு பெயர்கூட முழுதாகத் தேறாது.

கூகுள் 2009-இல் வெளியிட்ட கோ மொழியில் இது கருவியின் குறையாக இல்லை, மொழியின் விதியாகவே இருக்கிறது. பெயர் ஓர் எழுத்தில் தொடங்க வேண்டும், பிறகு எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். ஒட்டுக்குறிக்கு இடமில்லை. ஆகவே கோ மொழியில் ‘பல’ என்று பெயர் வைக்கலாம், ‘பலா’ என்று வைக்க முடியாது. ‘நட’ ஆகும், ‘நாடு’ ஆகாது. ‘கொழுந்து’ என்று எழுதினால் பெயரில் வரக்கூடாத குறி என்று 3018-ஐச் சுட்டிப் பிழை காட்டும். சீனம், ரஷ்யன், கிரேக்கம் எழுதுவோருக்குத் திறந்த கதவு, தமிழுக்கும் இந்திக்கும் பாதி திறந்து நிற்கிறது. யாரும் திட்டமிட்டுத் தமிழை விலக்கவில்லை. விதியை எழுதியபோது மேசைமேல் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை என்பதுதான் இதன் காரணம் என்று நான் நம்புகிறேன்.

சரியான தீர்வு கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பெயருக்கு இரண்டு பட்டியல்கள் வேண்டும் என்கிறது யூனிகோடு கூட்டமைப்பின் பரிந்துரை. ஒன்று, பெயரைத் தொடங்கக்கூடியவை. மற்றது, தொடரக்கூடியவை. க இரண்டிலும் உண்டு. ொ, ு, ் ஆகியவை இரண்டாவதில் மட்டும் உண்டு. கொம்பும் காலும் தாமாக ஒரு சொல்லைத் தொடங்க மாட்டா, ஆனால் மெய்யைப் பின்தொடரும் என்ற நம் எழுத்து முறையின் இயல்புக்கு இது அப்படியே பொருந்துகிறது. மார்ட்டின் ஃபோன் லோவிஸ் 2007-இல் முன்வைத்த திட்டத்தின்படி பைத்தான் 3 தன் பெயர்களுக்கு இந்த முறையை ஏற்றது. ஜாவாஸ்கிரிப்ட்டும் இதே வழியில் நடக்கிறது. 2021-இல் ரஸ்ட் மொழியும் சேர்ந்தது. வடிவத்தேடல் கருவியில் க, ழ, ந, த என்று சிதறும் அதே ‘கொழுந்து’, பைத்தானில் நிரல்பெயராக எழுதும்போது முழுதாக ஏற்கப்படுகிறது. ஒரே மொழிக்குள் இரண்டு வாசல்கள், இரண்டு விதிகள்.

ஒரே முகம், இரண்டு எண்வரிசை

இப்போது தொடக்கப் புதிருக்குத் திரும்பலாம். அழித்தால் ஓரிடத்தில் ‘க’வும் இன்னோரிடத்தில் ‘கெ’யும் மிஞ்சியது ஏன்?

‘கொ’வை யூனிகோடில் இரண்டு வழியாக எழுதலாம். 2965, 3018 என்பது ஒரு வழி. க-வுக்குப் பின் ஒகரக் குறி முழுதாக ஒரே எண். 2965, 3014, 3006 என்பது மறு வழி. க, பிறகு கொம்பு, பிறகு கால். திரையில் இரண்டும் ஒன்றே, அச்சிலும் ஒன்றே. முதல் வழியில் கடைசி எண்ணை அழித்தால் ‘க’ மிஞ்சும். இரண்டாம் வழியில் கால் மட்டும் போய் ‘கெ’ மிஞ்சும். பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் பெயர் தேடலில் கிடைக்காமல் போவதும் இதனால்தான். பட்டியலில் ஒரு வழி, தேடியவரின் விசைப்பலகையில் மறு வழி.

நம் நிரலில் முதல் வரியை ஒருவர் ஒரு வழியிலும், அடுத்த வரியை இன்னொருவர் மறு வழியிலும் எழுதினால் என்ன ஆகும்? எட்டு எண் நீளமுள்ள ஒரு ‘கொழுந்து’, ஒன்பது எண் நீளமுள்ள இன்னொரு ‘கொழுந்து’. துணுக்காக்கி இரண்டையும் வெவ்வேறு பெயராக எடுத்துக்கொள்ளும். ஒன்றில் காலையில் நிறுத்த எடை இருக்கும், மற்றது காலியாக இருக்கும். திரையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பிழை கண்ணில் படாது.

இதற்கு மருந்து சீர்மையாக்கம். ஒரே எழுத்துக்கு உள்ள பல எண்வரிசைகளை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது. 3014, 3006 அடுத்தடுத்து வந்தால் 3018 ஆக்கிவிடு என்பது அதன் ஒரு விதி. தமிழில் இந்த இரட்டை வழி நான்கே இடங்களில் வருகிறது: ஒ, ஓ, ஔ ஆகியவற்றின் உயிர்க்குறிகள், கூடவே ஔ என்ற தனி உயிர். பைத்தான் பெயர்களைச் சீர்மையாக்கிய பிறகே ஒப்பிடுகிறது, ரஸ்டும் அப்படியே. ஜாவாஸ்கிரிப்ட் சீர்மையாக்குவதில்லை. அதில் இரண்டு ‘கொழுந்து’களும் இரண்டு பெயர்களாகவே வாழும்.

சீர்மையாக்கத்தை எங்கே செய்வது என்பதும் ஒரு வடிவமைப்பு முடிவு. கோப்பு முழுவதையும் முதலிலேயே சீர்மையாக்கலாம். வேலை எளிது. ஆனால் மேற்கோள்குறிக்குள் இருக்கும் உரையும் மாறிவிடும். அது நிரல் எழுதியவரின் சொந்தச் சரக்கு. அவர் வேண்டுமென்றே இரண்டாம் வழியில் எழுதியிருக்கலாம், பழைய கோப்பு ஒன்றோடு ஒப்பிடுவதற்காக. ஆகவே பெயர்த்துணுக்குகளை மட்டும் சீர்மையாக்கி, மேற்கோளுக்குள் உள்ளதைத் தொடாமல் விடும் பைத்தானின் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. துணுக்காக்கி தன் எல்லைக்குள் இருப்பதைத் திருத்தலாம், பிறர் உரையைத் திருத்தக் கூடாது.

சீர்மை காப்பாற்றாத இடம்

‘கௌரி’ என்றும் ‘கெளரி’ என்றும் எழுதிய இரண்டு சொற்களை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் க-வுக்குப் பின் 3020 என்ற ஔகாரக் குறி. இரண்டாவதில் கொம்பு 3014, பிறகு ள என்ற மெய் 2995. பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. தட்டச்சில் இந்தத் தடுமாற்றம் மிகப் பரவலானது.

இதையும் சீர்மையாக்கிவிடலாமே என்றால், முடியாது. ‘கெளுத்தி’ என்ற மீன்பெயரில் கெ-யும் ளு-வும் உண்மையாகவே அடுத்தடுத்து வருகின்றன. ‘கெள’ என்று கண்ட இடமெல்லாம் ‘கௌ’ என்று மாற்றினால் அந்தச் சொல் சிதைந்துபோகும். எழுத்தின் தோற்றத்தை மட்டும் பார்த்து எடுக்க முடியாத முடிவு இது.

இங்கே துணுக்காக்கி திருத்த முனையக் கூடாது, எச்சரிக்கலாம். ஒரே நிரலில் ‘கௌரி’யும் ‘கெளரி’யும் பெயர்களாக வந்தால், ‘இவை இரண்டும் ஒன்றா, வேறா?’ என்று கேட்கலாம். க-வைப் போலத் தோன்றும் ௧ என்ற தமிழ் இலக்கத்துக்கும் காலைப் போலத் தோன்றும் ர-வுக்கும் இதே கவனம் தேவை.

பிழை எங்கே என்று காட்டுவது

துணுக்காக்கிக்கு இன்னொரு கடமை உண்டு. பெரும்பாலும் அது மறக்கப்படுகிறது. பிழை நேர்ந்தால் இடத்தைச் சரியாகக் காட்ட வேண்டும்.

எடை=கொழுந்து?2 என்று தவறுதலாகத் தட்டிவிட்டோம். மொழிக்குத் தெரியாத ‘?’ என்ற குறி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? எ, டை, =, கொ, ழு, ந், து என்று எண்ணினால் எட்டாவது. குறியெண்களாக எண்ணினால் பதின்மூன்றாவது. பைட்டுகளாக எண்ணினால் முப்பத்தைந்தாவது. பைட்டை எண்ணும் கருவி, எட்டாம் எழுத்தில் இருக்கும் பிழைக்கு முப்பத்தைந்தாம் இடத்தைச் சுட்டும். புதிதாக நிரல் பழகும் பிள்ளை அந்த இடத்தில் எதையும் காணாமல் திகைக்கும். தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்தாக எண்ணுவது கடினமான வேலையும் அல்ல. எழில் குழுவினரின் முயற்சியிலிருந்து வளர்ந்த ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு, ஒரு சொல்லை வாங்கிக் கொ, ழு, ந், து என்று எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருகிறது. துணுக்காக்கி உள்ளே எண்களோடு வேலை செய்யட்டும். மனிதரிடம் பேசும்போது எழுத்துகளில் பேச வேண்டும்.

247 எண்கள் தந்திருக்கலாமா?

இவ்வளவு சிக்கலும் உயிர்மெய்க்குத் தனி எண் இல்லாததால்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற டேஸ்-16 என்ற குறியீட்டு முறை அப்படித்தான் அமைந்தது. உயிர், மெய், உயிர்மெய் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். அதில் ‘கொழுந்து’ நான்கே எண். ஒட்டுக்குறி எழுத்தா இல்லையா என்ற கேள்வியே எழாது.

ஆனால் அது யூனிகோடில் தனிப்பயனுக்கு என்று ஒதுக்கிய பகுதியில் அமைந்தது. அந்தப் பகுதியில் உள்ள எண்ணை எழுத்து என்றோ குறி என்றோ உலகின் மற்றக் கருவிகள் அறியா. கைபேசிகளிலும் இணையத்திலும் தமிழ் இன்று யூனிகோடாகவே ஓடுகிறது. அந்தப் பரவலுக்கு மலேசியத் தமிழர்களின் பங்கு பெரிது. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். 2005-இல் வந்த அவருடைய செல்லினம் கைபேசியில் தமிழ் தட்டச்சைப் பழக்கமாக்கியது. உலகத் தமிழ்க் கணினியாளர்கள் குறியீடுகளைப் பற்றி விவாதித்த தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரில் கூடியது. எல்லோரும் யூனிகோடில் எழுதும் இந்நாளில், நம் துணுக்காக்கிகள் யூனிகோடைத் தமிழறிவோடு படிக்கக் கற்பதே நடைமுறைக்கு உகந்த வழி.

துணுக்காக்கி எழுதப் போகிறவருக்கு

இதுவரை பார்த்தவை ஐந்து விதிகளாகத் தொகுந்துவிடும். பெயரைத் தொடங்குபவை, தொடர்பவை என்று இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். நீளமானதை எடுத்த பின்னரே கட்டளைச்சொல் பட்டியலைப் பாருங்கள். பெயர்களைச் சீர்மையாக்கி ஒப்பிடுங்கள், மேற்கோள் உரையைத் தொடாதீர்கள். தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பவற்றை மாற்றாமல் எச்சரியுங்கள். பிழையின் இடத்தை எழுத்துக் கணக்கில் சொல்லுங்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய கணினியோ சிக்கலான கணிதமோ தேவையில்லை. சில பத்து வரி நிரல் போதும். இருந்தும் கவனிக்காமல் விட்டால், ஒரு மொழி பேசும் கோடிக்கணக்கானவர்கள் தங்கள் தொழிலின் சொற்களால் நிரல் எழுத முடியாமல் போகிறது. எடைக்கும் கூலிக்கும் ஆங்கிலப் பெயர் தேட வேண்டியிருக்கிறது. கேமரன் மலையிலும் தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. அங்கே கணக்கைத் தமிழில் கற்ற பிள்ளை, அந்தக் கணக்கைத் தமிழிலேயே கணினிக்குச் சொல்ல முடிய வேண்டும் என்பது மிகையான ஆசை அல்ல. தொழில்நுட்பம் அதற்கு ஏற்கெனவே இடம் தருகிறது. அந்த இடத்தைத் திறந்து வைக்க வேண்டியவர்கள் நிரல்மொழி எழுதுவோர்.

நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால், எந்த மொழிக்கு எழுதினாலும் உங்கள் சோதனைப் பட்டியலில் ஆறு சொற்களைச் சேர்த்துவிடுங்கள்: இரண்டு வழியிலும் எழுதிய ‘கொழுந்து’, ‘ஆகமொத்தம்’, ‘முடிவு’, ‘பலா’, ‘கௌரி’, ‘கெளுத்தி’. இந்த ஆறும் பிழையின்றித் தேறினால், அந்தத் துணுக்காக்கியை நம்பி ஒரு தமிழர் நிரல் எழுதத் தொடங்கலாம்.